இரண்டு சாவியும் ஒரே ரயிலில் போகக் கூடாது

1. நான் யார் ஆள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நான் பாங்கு ஆள் இல்லை என்பது. சொன்னவர் என் முதலாளி குப்பய்யா செட்டியார்.

"இத பாரு நைனா. உனக்குச் சம்பளம் குடுக்கறது நானு. எவனாவது நீ யாருன்னு கேட்டா செட்டியார் ஆளுன்னு சொல்லு. பாங்கு ஆளுன்னு வாய் தவறிக் கூட சொல்லிடாத. அப்புறம் எனக்குப் பேஜாராயிடும்."

அமுதா, சேகர், சின்னவளே, உங்கள் மூவருக்கும் இது விளங்காது. பாங்கில் வேலை செய்பவன் பாங்கு ஆள்தானே என்பீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார பாங்குகளில் அப்படி இல்லை. கணக்கு எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் பாங்குக்காரர்கள். பணத்தைக் கையால் தொடும் வேலை மட்டும் ஊர்க்காரர் ஒருவரிடம் குத்தகை மாதிரி விட்டிருக்கும். அவருக்கு ஷராப் என்று பெயர். கேஷில் உட்காருகிறவர்களை அவரே வைத்துக்கொள்வார், அவரே சம்பளம் கொடுப்பார். அவருடைய ஆள் தப்பு செய்தால் அவரே ஈடு கட்ட வேண்டும். வெள்ளைக்காரனுக்கு நம் ஊர் மனிதர்களில் யார் யார் என்று தெரியாது. ஆகவே தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களை அவர் தலையில் கட்டிவிட்டான்.

எங்கள் பாங்கு லண்டன் பாங்கு. கும்மிடிப்பூண்டியில் ரோட்டோரம் இரும்புப் பீப்பாய் செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. அதுவும் லண்டன் முதலாளியுடையது. அந்தக் கம்பெனிக்காக, அதன் காம்பவுண்டுக்குள்ளேயே, சம்பளப் பட்டுவாடாவுக்கு பாங்கு ஒரு பே ஆபீஸ் திறந்தது. சின்னக் கட்டடம். முன்னால் ஒரு கவுன்ட்டர், பின்னால் ஸ்ட்ராங் ரூம், பக்கத்தில் ஒரு வேப்பமரம். கேஷ் வேலைக்கு ஷராப், குப்பய்யா செட்டியார்.

செட்டியாருக்குப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் உண்டு. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்த உங்கள் தாத்தாவை அவருக்குத் தெரியும். நான் எட்டாவது படித்திருந்தேன். அந்தப் படிப்பும் அந்தப் பழக்கமும்தான் எனக்குச் சிபாரிசு.

2. வரதராஜன் சார்

ஸ்ட்ராங் ரூமுக்குக் கதவு ஒன்று, பூட்டு இரண்டு. ஒரு சாவி பாங்கு பக்கம், ஒரு சாவி ஷராப் பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். பாங்கு பக்கத்துச் சாவி அக்கவுன்டன்ட் வரதராஜன் சாரிடம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சாவியை வைத்திருந்த பெரியவருக்குக் கண் மங்கியதும், செட்டியார் அதை என்னிடம் கொடுத்தார்.

கொடுத்த அன்று வரதராஜன் சார் என்னை உட்காரவைத்து மெட்ராஸ் பெரிய ஆபீஸின் விதியைச் சொன்னார். ஆபீஸ் கூரையைத் தவிர வேறு எந்தக் கூரைக்கும் கீழே இரண்டு சாவியும் சேரக் கூடாது. இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது. பஸ், ரயில், படகு எதுவானாலும் சரி. வழியில் மறித்துக் கொள்ளையடிக்கிறவனுக்கு இரண்டு சாவியும் ஒன்றாகக் கிடைத்துவிடக் கூடாது, ரயில் கவிழ்ந்தாலும் ஒரு சாவியாவது மிஞ்ச வேண்டும். அதுதான் காரணம்.

வரதராஜன் சார் திருவள்ளூர்க்காரர். அவருடைய அண்ணன் அங்கே பெருமாள் கோயிலில் கைங்கரியம். இவர் மட்டும் இங்கிலீஷ் படித்து பாங்குக்கு வந்துவிட்டார். மீஞ்சூரில் வாடகை வீடு. நான் பொன்னேரியில் இருந்தேன். இருவருக்கும் ஒரே லைன், ஒரே திசை. ஆனால் காலையில் முதல் பாசஞ்சர் அவருக்கு, அடுத்தது எனக்கு.

மீஞ்சூரில் ஏறும்போது பேப்பர் வாங்குவார். பொன்னேரி வருவதற்குள் படித்து முடித்திருப்பார். வண்டி பொன்னேரியில் நிற்கும்போது நான் பிளாட்பாரத்தில் அவர் ஜன்னலுக்கு நேராக நிற்பேன். பேப்பரை மடித்து நீட்டுவார். வாங்கிக்கொள்வேன். அவர் வண்டி போய்விடும். அடுத்த வண்டியில் அதைப் படித்துக்கொண்டு வருவேன். எனக்குக் காட்ட வேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருப்பார். ஸ்ட்ராங் ரூம் வாசலில் இரண்டு பேரும் சாவியைப் போட்டுத் திருப்பும்போதே, "மூணாம் பக்கம் பார்த்தீரா ஏழுமலை?" என்று பேச்சு ஆரம்பிக்கும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவன் தலையங்கம் வரை படிக்க வந்தது அந்த வழியில்தான்.

மாலையிலும் அப்படியே. இருவரும் ஸ்டேஷன் வரை நடந்து போவோம், நடப்பதற்கும் வெட்டவெளிப் பிளாட்பாரத்துக்கும் விதியில் தடை இல்லை. அவர் வண்டி வந்ததும் குடையையும் டிபன் கேரியரையும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வேன். பிறகு முனியம்மாள் டீக்கடையில் உட்கார்ந்து என் வண்டிக்குக் காத்திருப்பேன். முனியம்மாளுக்கு விதி தெரியாது, நாங்களும் சொல்லக் கூடாது. எங்கள் இருவருக்கும் ஏதோ பங்காளிச் சண்டை என்று முடிவு செய்துவிட்டாள்.

"இன்னா ஏயுமல, ஐயரு போயிட்டாரா? அவரு உக்காந்த பொட்டில நீ உக்காந்தா இன்னா, கொறஞ்சா பூடுவ? இல்ல, அவருதான் ஏத்த மாட்டேன்றாரா?" என்பாள்.

"அவரு ஐயரு இல்ல, ஐயங்காரு" என்று மட்டும் சொல்வேன்.

"அதான் சண்டையா?" என்பாள்.

எங்கள் கல்யாணம் பழவேற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உங்கள் அம்மா அஞ்சலையைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வாள். பட்டு வேட்டி முடிச்சில் சாவியைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். வரதராஜன் சார் மனைவியோடு வந்திருந்தார். மாமி உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இவர் மட்டும் பந்தலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார். உங்கள் தாத்தாவுக்கு மனது கேட்கவில்லை. மீன்காரன் வீட்டுப் பந்தலில் உட்கார ஐயங்காருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் அழுகையும் சிரிப்புமாக வந்தது. மறுநாள் ஆபீஸில் கேட்டேன்.

"பந்தலும் கூரைதானே ஏழுமலை" என்றார். "ஓலையா இருந்தா என்ன, ஓடா இருந்தா என்ன?"

அதன் பிறகு அஞ்சலையும் மாமியும் நெருங்கிவிட்டார்கள். மீஞ்சூரில் சினிமா வந்தால் சேர்ந்து போவார்கள். மாமி பொன்னேரிக்கு வந்து, அப்படியே பழவேற்காட்டுக்கும் போய்க் காற்றையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் போவார். சாவி வைத்திருந்த நாங்கள் இருவர்தான் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் இருக்கிறது என்பது எனக்கு அஞ்சலை சொல்லித்தான் தெரியும்.

"சாவிய விட்ட அன்னிக்கு ஒரே பெட்டில உட்கார்ந்து மெட்ராஸ் வரைக்கும் போவோம் ஓய். ஜன்னல் சீட் உமக்கு" என்று அவர் சொல்வதுண்டு.

3. போர்டு மாறுகிறது

அறுபத்தொன்பதில் அரசாங்கம் பெரிய இந்திய பாங்குகளை எடுத்துக்கொண்டது. அன்று பேப்பரில் முதல் பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. எங்கள் பாங்கு வெளிநாட்டுடையது என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை. பீப்பாய்க் கம்பெனிக் கேன்டீனில் சிலர் எங்களைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் ராஜா வீட்டு ஆட்கள் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அரசாங்கம் எங்களைத் தொடவில்லை. லண்டனில்தான் தொட்டார்கள். எங்கள் பாங்கை அங்கே இன்னொரு பாங்கு சேர்த்துக்கொண்டது. எங்களுக்கு அது தெரிந்தது, மெட்ராஸிலிருந்து ஒரு பெயின்டர் வந்து வாசல் போர்டை மாற்றியபோது. யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு என்பதெல்லாம் அவனுக்கும் தெரியாது. எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் எங்களைக் கேட்டான்.

பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே முழுப் பங்கையும் தாங்களே வைத்துக்கொள்ள முடியாது, பெரும்பகுதியை நம் நாட்டவர்களுக்கு விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பீப்பாய்க் கம்பெனியில் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மெட்ராஸ்காரர் ஒருவர் முதலாளியாக வந்தார். லண்டனில் கணக்குப் பார்த்த புது முதலாளிகளுக்கு, கும்மிடிப்பூண்டியில் எதற்கு ஒரு பே ஆபீஸ் என்று தோன்றிவிட்டது. பெரிய பட்டணங்களை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதை விடுவது என்று தீர்மானம். எங்கள் ஆபீஸ் அரசாங்க பாங்கு ஒன்றுக்குப் போகிறது என்று சொன்னார்கள். கட்டடம், கவுன்ட்டர், ஸ்ட்ராங் ரூம், வாடிக்கையாளர் எல்லாம் அப்படியே போகும்.

ஆட்கள்? பாங்கு அதிகாரிகளை பாங்கு தன் வேறு ஆபீஸ்களுக்கு எடுத்துக்கொள்ளும். வரதராஜன் சாருக்குக் கல்கத்தா. பாங்கின் சிப்பந்திகள் அரசாங்க பாங்குக்குப் போவார்கள். செட்டியாரின் ஒப்பந்தம் முடிகிறது. செட்டியாரின் ஆள்?

நான் செட்டியாரிடம் போனேன். அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை.

"இன்னா நைனா பண்றது. ஷராப்பே வேணாம்னுட்டான், ஷராப் ஆளு எதுக்கு அவனுக்கு? இறால் மண்டில வந்து உக்காரு. டப்பு கம்மிதான், சோத்துக்குக் கொறையில்ல" என்றார்.

அமுதா, நீ அப்போது கைக்குழந்தை. அஞ்சலை ஒரு நாள், "மறுபடியும் ஏரிக்கேதான் போறமா?" என்று கேட்டாள். ஏரி கேவலம் என்று அவள் நினைக்கவில்லை, அவளும் அங்கே பிறந்தவள்தான். நீ பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது, அவ்வளவுதான்.

4. பந்தலுக்கு வெளியே நின்றது யார் சொல்லி

கைமாற்றும் விவரம் பேச மெட்ராஸ் பெரிய ஆபீஸிலிருந்து எங்கள் துரை வந்தார். அரசாங்க பாங்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், தமிழர், நல்ல மனிதர். மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து ஆட்களுக்கு வந்தார்கள். நான் கேஷ் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு வரதராஜன் சாரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "சார், காண்ட்ராக்டர் ஆளுங்களை எடுத்துக்க எங்களுக்கு ஆர்டர் கிடையாது. பாங்கு ஸ்டாஃப்னா கேள்வியே இல்ல. இவரு ஸ்டாஃப் இல்லையே."

வரதராஜன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழெட்டு வருஷமா இவரும் நானும் ஒரே ரயில்ல ஏறினதில்லை. இவர் கல்யாணத்துல நான் பந்தலுக்கு வெளில வெயில்ல நின்னேன். செட்டியார் சொல்லி நிக்கலை சார், பாங்கு சொல்லி நின்னேன். இவர் பாங்கு ஆள் இல்லேன்னா, நான் இவரோட எந்த வண்டில போனா பாங்குக்கு என்ன?"

துரை என்ன என்று கேட்டார். வரதராஜன் சார் அதையே இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அவர் பேப்பரில் கோடு போட்டுக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்தான், ஒரு சொல் விடாமல் புரிந்தது. துரை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, நீர் உண்மையாகவே பந்தலுக்குள் போகவில்லையா என்று அவரைக் கேட்டார்.

"போகலை சார். ஆத்துக்காரிதான் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டா."

துரை சிரித்துவிட்டார். சிரித்தபடியே அதிகாரியிடம், ஸ்ட்ராங் ரூம் சாவி வைத்திருப்பவர் எங்கள் ஆள்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதிகாரிக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலும். என் பெயரை இரண்டு முறை கேட்டுச் சரியாக எழுதிக்கொண்டார்.

முதல் நாள் செட்டியார் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்ட சொல்லை, கடைசியில் பாங்கே சொன்னது. நான் கூண்டுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் அஞ்சலை மீஞ்சூர் போய்விட்டு வந்து ஒரு விஷயம் சொன்னாள். வரதராஜன் சாரின் அம்மா திருவள்ளூரில் படுக்கையாக இருந்தார். கல்கத்தா வேண்டாம், மெட்ராஸ் ஆபீஸிலேயே ஒரு இடம் கொடுங்கள் என்று துரையிடம் கேட்பதாகத்தான் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பினாராம். என் விஷயம் ஆனதும் அதைக் கேட்கவே இல்லை. "ரெண்டு கேட்டா ஒண்ணும் கெடைக்காதுன்னு வுட்டுட்டாராம்" என்றாள் அஞ்சலை.

மறுநாள் ஸ்ட்ராங் ரூம் வாசலில் அவரிடம் இதைக் கேட்டேன். "கல்கத்தால டிராம் இருக்காம் ஏழுமலை. ஏறிப் பார்க்கலாம்" என்றார். சாவியைத் திருப்பினோம்.

5. கடைசி நாள்

கைமாற்றிய அன்று இருவரும் சாவியை மேஜை மேல் வைத்தோம். அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கையெழுத்துகள் ஆனதும் புது பாங்கு ஒன்றை அவர்கள் அதிகாரியிடம் கொடுத்தது, மற்றதை என்னிடமே திருப்பிக் கொடுத்தது. பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டேன். வரதராஜன் சாருக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை. கையை அங்கே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார்.

மாமியும் பிள்ளைகளும் வீட்டைக் காலி செய்துவிட்டு மெட்ராஸில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் கல்கத்தா வண்டி. அன்று மாலை நாங்கள் இருவரும் ஒன்றாக மெட்ராஸ் வரை போவது, நான் அவரை விட்டுவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. இனி எந்த விதியும் குறுக்கே இல்லை, அவரிடம் சாவி இல்லை. காலையிலேயே அஞ்சலையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

ஸ்டேஷனில் முனியம்மாள் இரண்டு டீ கொடுத்துக் காசு வேண்டாம் என்றாள். "சண்ட முடிஞ்சிச்சா?" என்றாள். முடிந்தது என்றார் வரதராஜன் சார்.

வண்டி வந்தது. கூட்டம் இருந்தது. அவர் ஏறி உள்ளே போனார். நான் டிரங்குப் பெட்டியை வாசல் வழியாகத் தள்ளினேன். குடையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், டிபன் கேரியரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

எதற்கு நகர்ந்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் சாவி இருந்தது, அவர் ஜன்னலில் இருந்தார், வண்டி நின்றிருந்தது. அத்தனை வருடமும் அந்த நேரத்தில் கால் எங்கே போகுமோ அங்கே போய்விட்டது. அவரும் கூப்பிடவில்லை. அவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. வழக்கம்போல் தலையை ஆட்டினார். விசில் ஊதியது.

வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். ஜன்னல் சீட்டில் அவருடைய அங்கவஸ்திரம் விரித்திருந்தது. அவர் அதற்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த நிமிஷம்தான் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓடினேன், வண்டி வேகம் பிடித்துவிட்டது.

திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். முனியம்மாளுக்கு இந்த முறை கிண்டல் வரவில்லை. "ஏன்டா ஏறல?" என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், சாவி விஷயத்தையும். சொல்லக் கூடாது என்ற விதியை நான் மீறியது அந்த ஒரு முறைதான்.

அந்த உறவினர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது, ரயிலில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை புது பாங்கைத் திறக்க என் சாவி வேண்டும், மெட்ராஸ் போய்த் தேட வழியில்லை. கல்கத்தா வண்டி பொன்னேரியில் நிற்காது என்றாலும் அந்த வழியாகத்தான் போகும். அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் நான், அஞ்சலை, அவள் இடுப்பில் அமுதா, மூவரும் பிளாட்பாரத்தில் நின்றோம். வண்டி மண்ணை வாரி அடித்துக்கொண்டு போனது. ஒரு பெட்டியின் வாசலில் வெள்ளைச் சட்டையும் நீட்டிய கையும் தெரிந்தன. கையில் பேப்பர் இருந்தது என்று அஞ்சலை சொல்கிறாள். அவர்தானா என்று கேட்டால், வேறு யார் அப்படி நீட்டுவார்கள் என்கிறாள். எனக்குக் கண்ணில் தூசி, சரியாகப் பார்க்கவில்லை.

பிறகு கடிதங்கள் வந்தன. கல்கத்தாவிலும் அவரிடம் சாவிதான், எதிர்ச் சாவி ஒரு வங்காளியிடம், இருவரும் வெவ்வேறு டிராம் என்று எழுதியிருந்தார். அம்மாவின் காரியத்துக்கு அவர் திருவள்ளூர் வந்து போனபோது எனக்குத் தகவல் வந்து சேர்வதற்குள் திரும்பிவிட்டார். ரிட்டயர் ஆனதும் மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். கடிதம் நின்று சில வருடங்கள் ஆகின்றன.

6. இதை எழுதியதற்குக் காரணம்

வேலைக்குப் போகப்போகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். லண்டனில் யார் யாரை வாங்கினாலும், போர்டில் என்ன எழுதினாலும், உங்களுக்கு முதலாளி யார் என்பது பெயின்டர் வந்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு எதிரே அடுத்த பூட்டைத் திறக்கிறவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். விதி இருந்தால் மதியுங்கள், நானும் மதித்தேன், அந்த விதிதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் விதி முடிந்த அன்று அது முடிந்துவிட்டது என்பதைக் காலுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்று. போன வாரம் மெட்ராஸ் போகும்போது சேகர் என்னிடம் கோபித்துக்கொண்டான். அடுத்த பெட்டி காலியாக இருக்கிறது, நானும் அக்காவும் அதில் ஏறிக்கொள்கிறோம், எல்லாரும் எதற்கு இந்தக் கூட்டத்தில் நசுங்க வேண்டும் என்றான். நான் விடவில்லை. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன், நான்கு பேரையும் ஒரே வாசலில் ஏற்றினேன், கடைசியாக நான் ஏறினேன். பேசின் பிரிட்ஜ் வரை நின்றுகொண்டே போனோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அங்கே கூட்டம் இறங்கியதும் இடம் பிடித்த உங்கள் அம்மா நகர்ந்து, ஜன்னலோரம் கொஞ்சம் இடம் விட்டு, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.